செகண்ட் பார்ட்டு மாப்பிள்ளை

கதவைத் திறந்த அம்மாவின் கையில் கரண்டி இருந்தது. உள்ளே வெங்காயம் வதங்கும் வாசனை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பழைய பேப்பர் கடை பாய் அனுப்பிச்சாருங்க. உங்க வூட்ல சிடி கவரு ஒரு கூடை இருக்குதுன்னு சொன்னாரு” என்றேன்.

அவர் பார்வை என் இடது புருவத்தில் நின்றது. அங்கே ஒரு வெட்டு உண்டு. சின்ன வயசில் மணிமுத்தாற்றுப் படித்துறையில் வழுக்கி விழுந்து வாங்கியது. அந்த இடத்தில் இன்றுவரை மயிர் முளைக்கவில்லை. அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவர், முக்காட்டுத் துணியை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் உள்ளே திரும்பிக் கத்தினார்.

“அடியே சபீனா! ஓடியா, ஓடியா! செகண்ட் பார்ட்டு மாப்ள வந்திருக்காரு!”

என் மகள் ரம்யா பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள். “அப்பா, இந்தத் தெருவுல நீ யார்கிட்டயாவது சண்ட போட்டிருக்கியா?”

அவள் கேட்டதில் தப்பில்லை. நான் சண்டைக்காரன்தான். பழைய பேப்பர் கடைகளில் நான் போடும் சண்டையைத் தடுப்பதற்கென்றே அன்றைக்கு அவள் கூட வந்திருந்தாள். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், மங்கலம்பேட்டையில் அந்தத் தெருவுக்குள் அதுவரை நான் கால் வைத்ததே இல்லை. அந்த அம்மா யாரென்றும் தெரியாது. ஐம்பது தாண்டிய வழுக்கைத் தலையன், பெண்டாட்டியைப் பறிகொடுத்துப் பல வருஷம் ஆனவன், என்னைப் பார்த்து மாப்பிள்ளை என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

இந்தத் தொடரில் பீங்கான் கம்பெனியில் நான் பார்க்கும் அச்சுவேலையைப் பற்றி எழுதிவிட்டேன், சூளையைப் பற்றி எழுதிவிட்டேன், ஜங்ஷன் கேன்டீன் வடையைப் பற்றிக்கூட ஒரு வாரம் முழுக்க எழுதிவிட்டேன். சிடி விஷயத்தை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். “எழுதுப்பா, உன்னப் பைத்தியம்னு சொன்னவங்க படிக்கட்டும்” என்றாள் ரம்யா. எழுதுகிறேன்.

மீன் துள்ளும் கவர்

வெள்ளிமீன் வீடியோ என்று ஒரு கம்பெனி இருந்தது. டெக்கும் கேசட்டும் ஓய்ந்து, வீட்டுக்கு வீடு சிடி பிளேயர் வந்த காலம். பெரிய கம்பெனிகள் பளபளவென்று கெட்டி டப்பாவில் படம் போட்டு விற்றன. அதையெல்லாம் நாங்கள் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. வெள்ளிமீன் எங்களுக்கான கம்பெனி.

மெல்லிசான பிளாஸ்டிக் கவர். அதற்குள் நாலாக மடித்த கலர் தாள். ஒரு படத்துக்கு இரண்டு டிஸ்க்: முதல் பாகம், இரண்டாம் பாகம். ஊரில் எல்லோரும் பஸ்ட் பார்ட்டு, செகண்ட் பார்ட்டு என்பார்கள். படம் தொடங்குவதற்கு முன்னால் நீலத் தண்ணீரில் ஒரு மீன் துள்ளும். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் சமையல்கட்டில் இருப்பவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார்கள்.

நல்ல படமெல்லாம் அவர்களிடம் கிடைக்காது. ஓடாத படம், ஒருவாரம்கூட நிற்காத படம், எந்த ஊரிலோ எடுத்து யாரையோ வைத்துத் தமிழில் குரல் கொடுத்த படம், இவைதான் அவர்கள் சரக்கு. கவரில் ஒரு நடிகர் சிரிப்பார்; உள்ளே தேடினாலும் அவர் இருக்க மாட்டார். ‘குடும்பத்துடன் கண்டு களியுங்கள்’ என்று போட்டிருக்கும். பத்தாவது நிமிஷம் குடும்பத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஒருமுறை சாமி படம் என்று எடுத்துவந்து, வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பேய்ப் படம் பார்த்தோம். என் மாமியார் சூடத்தை ஏற்றிவைத்துக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தவர், எரியும் சூடத்தோடு ஓடினார்.

அவர்கள் செய்த கஞ்சத்தனங்களில் ஒன்றை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிமீன் டிஸ்க்கில் படத்தின் பெயர் அச்சடித்திருக்காது. இரண்டு பக்கமும் வெறும் வெள்ளி. பெயர் கவரில்தான். டிஸ்க்கு கவரை விட்டு வெளியே வந்துவிட்டால் அது எந்தப் படம் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

என் கை செய்த வேலை

எனக்கும் மல்லிகாவுக்கும் கல்யாணம் நடந்தது அந்தக் காலத்தில்தான். வீடியோக்காரர் இரண்டு டிஸ்க்கில் கல்யாணத்தை அடக்கிக் கொடுத்தார். முதல் டிஸ்க்கில் பெண்ணழைப்பு. இரண்டாவதில் தாலி கட்டுவதிலிருந்து சாப்பாட்டுப் பந்தி வரைக்கும். அவருக்கும் சிக்கனம். டிஸ்க்கில் எதுவும் எழுதவில்லை, கவரில் மட்டும் எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒட்டிக் கொடுத்தார்.

கல்யாண சிடியில் யார் பேசுவதும் கேட்காது, உங்களுக்கே தெரியும். முதலிலிருந்து கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். மாமா வாயசைப்பார், அத்தை வாயசைப்பார், மேலே பாட்டு ஓடும். எங்கள் சிடியிலும் அப்படித்தான். ஆனால் இரண்டாவது டிஸ்க்கில், பந்தி வரும்போது வீடியோக்காரருக்குப் பாட்டுத் தீர்ந்துபோய்விட்டது. ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ, மண்டபத்துச் சத்தம் அப்படியே பதிவாகியிருந்தது. அதில் மல்லிகா என்னைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அவள் குரல் இந்த உலகத்தில் பதிவானது அந்த ஒரே இடத்தில்தான். எங்கள் கையில் அப்போது செல்போன் கிடையாது.

கல்யாணமான முதல் வருஷம் சிடி சொந்தக்காரர் வீடெல்லாம் சுற்றியது. பத்திரமாகத் திரும்பியும் வந்தது. தொலைத்தது அவர்கள் யாருமில்லை, நான்.

எங்கள் ஊர்ப் பாலக்கரையில் ஒரு சிடி வாடகைக் கடை இருந்தது. ஒரு லீவு நாளில் நாலு வெள்ளிமீன் படம் எடுத்துவந்தேன். வீட்டில் கல்யாண சிடியும் வெளியே கிடந்தது. காலையில்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். டிவி மேல் எட்டுப் பத்து வெள்ளி டிஸ்க்குகள். கடை மூடுவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில், எது எந்தக் கவர் என்று பார்க்காமல் திணித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

இரண்டு வாரம் கழித்து மல்லிகாவின் சித்தி வந்து கல்யாண சிடி போடச் சொன்னார். இரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். நாதஸ்வரம் வரவேண்டிய இடத்தில் ஒரு ரைஸ் மில்லுக்குள் ஒருவன் பத்துப் பேரைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். “இதுதான் ஒங்க வூட்டுக் கல்யாணமாடி?” என்றார் சித்தி.

கடைக்கு ஓடினேன். “இது இன்னா படம்னே தெரியலியேப்பா. செகண்ட் பார்ட்டுல பேரு வராது. நடிச்சவனும் தெரிஞ்ச மொகமா இல்ல” என்று கடைக்காரர் கையை விரித்தார். அலமாரியில் கொஞ்சம் தேடினார். வாடகைக்குப் போயிருக்கும், வரும் என்றார். நானும் இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். என் சோம்பேறித்தனத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மல்லிகா திட்டவில்லை. “சிடி போனா போவுதுங்க. ஆளு நான் இங்கதான இருக்கேன்” என்றாள். அவளுக்கு அப்போது மாசம் ஆறு.

கொஞ்ச நாளில் அந்த வாடகைக் கடை மூடப்பட்டது. சரக்கையெல்லாம் கூடை கூடையாகச் சுற்றுவட்டாரச் சந்தைகளுக்குத் தள்ளிவிட்டுவிட்டார்கள். வெள்ளிமீன் கம்பெனியும் அதன் பிறகு வெகுநாள் தாங்கவில்லை. ரம்யாவுக்கு ஒன்றரை வயசானபோது மல்லிகா காய்ச்சலில் படுத்தாள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வீட்டுக்குத் திரும்பவில்லை.

அப்படியே அவ அம்மா

ரம்யா அம்மாவைப் போட்டோவில் பார்த்திருக்கிறாள். முதல் டிஸ்க்கில் அம்மா நடப்பதையும் குனிவதையும் பார்த்திருக்கிறாள். எல்லாமே பாட்டுக்குக் கீழே.

ஆறாவது ஏழாவது படிக்கும்போதே சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். “கொரலு அப்படியே மல்லிகாதான்.” கல்யாண வீடோ காது குத்தோ, எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒருமுறை போனில் ரம்யா “அலோ” என்றதும் மல்லிகாவின் தங்கை “அக்கா!” என்று கத்திவிட்டாள். அப்புறம் இரண்டு பக்கமும் அழுகை.

அன்றைக்கு ரம்யா என்னிடம் வந்து நின்றாள். “எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தாம்பா தெரியல. அம்மா எப்படிப் பேசுவாங்க? நீ பேசிக் காட்டு.”

நான் வாயைத் திறந்தேன். எனக்கு எதுவும் வரவில்லை.

வெளியே சொல்ல வெட்கமான ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். மல்லிகாவின் முகம் எனக்கு நினைவில் இருக்கிறது. கோபம் வந்தால் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகுவது இருக்கிறது. குரல் இல்லை. நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் ரம்யாவின் குரல்தான் முன்னால் வந்து நிற்கும். மகள் பேசப் பேச அம்மாவின் குரல் எனக்குள் அழிந்துபோயிற்று. பந்தியில் அவள் என்ன சொன்னாள் என்பதும் மறந்துவிட்டது. சிடியை மொத்தம் இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். ஆள் பக்கத்தில் இருக்கும்போது சிடியை யார் பார்ப்பார்கள்?

அந்த வாரமே வெள்ளிமீன் கவர்களைத் தேடக் கிளம்பினேன்.

வெயிலில் சாய்த்துப் பார்

என்னிடம் இருந்தது பெயர் தெரியாத ஒரு படத்தின் இரண்டாம் பாகம். அதன் முதல் பாகம் எந்தக் கவரில் இருக்கிறதோ அந்தக் கவரில்தான் என் கல்யாணம் இருக்கிறது. படத்தின் பெயர் தெரியாததால் வெள்ளிமீன் போட்ட எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டும். பெயர் தெரிந்தாலும் போதாது. ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை ஆயிரம் கவர் போட்டார்களோ. நினைத்தாலே தலை சுற்றும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துவிடுவேன்.

திட்டக்குடி, ஸ்ரீமுஷ்ணம், மங்கலம்பேட்டை என்று ஒரு பழைய பேப்பர் கடை பாக்கியில்லை. வீடியோக்காரர்கள் கம்ப்யூட்டரில் எழுதித் தரும் சிடிக்கும் கம்பெனி சிடிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் கம்பெனி சிடி வெள்ளையாக மினுங்கும், எழுதின சிடி லேசாகப் பச்சை அடிக்கும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு வெகுநாள் ஆயிற்று. அதற்கப்புறம் வேலை சுலபம். எங்கே டிஸ்க்கைக் கண்டாலும் எடுத்துச் சாய்ப்பேன்.

எங்கேயெல்லாம் டிஸ்க்கு இருந்தது என்கிறீர்கள்? சைக்கிள் மட்கார்டில். ஆட்டோவின் பின்னால். டிராக்டர் டிப்பரில். ஒருமுறை பஸ் ஸ்டாண்டு முக்கில் டிராக்டரை நிறுத்தி, பின்னால் கட்டியிருந்த சிடியை நான் சாய்த்துப் பார்க்க, டிரைவர் இறங்கிவந்து என்னைச் சாய்க்கப் பார்த்தார்.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் ஒரு கம்பங்கொல்லையில் குருவி விரட்டுவதற்காக நாற்பது ஐம்பது சிடியைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். வேலி தாண்டி உள்ளே போய் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். கொல்லைக்காரர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. “யோவ்! குருவியே பரவால்லய்யா. அது கதிரத்தான் தின்னும். நீ சிடியத் திருட வந்திருக்க!” விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் எட்டாத கயிற்றையெல்லாம் அவரே அவிழ்த்துக் கொடுத்தார். பச்சை அடித்தது மூன்று. மூன்றும் யாருடையதோ காது குத்து.

சென்னைக்குப் போன ஒரு சமயம் கவரில் இருந்த முகவரியைத் தேடிப் போனேன். சந்துக்குள் சந்து. வெள்ளிமீன் இருந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கும் கடை. அந்தப் பையனுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. அத்தனை படம் போட்ட கம்பெனிக்கு ஒரு போர்டுகூட மிச்சமில்லை.

இதற்குள் என் வீட்டில் நானூறு கவர் சேர்ந்துவிட்டது. ஒன்றைத் தேடப் போய் எல்லாவற்றின் மேலும் ஆசை வந்துவிட்டது. ஒரே படத்துக்கு இரண்டு விதமாகக் கவர் போட்டது, கதாநாயகியின் பெயரை மூன்று விதமாக எழுதியது, எல்லாம் எனக்கு அத்துப்படி. பீங்கான் கம்பெனியில் எனக்கு ‘மீனு’ என்று பட்டப்பெயர். களிமண் கூழை அச்சில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் எவனாவது ‘ப்ளக்’ என்பான். அடிக்கப் போவேன்.

ரம்யா நர்சிங் சேர்ந்த பிறகு ஒருநாள் சொன்னாள்: “விட்டுடுப்பா. கேக்காமயே இருந்துக்கறேன்.” அவள் முகத்தைப் பார்த்தால் விடச் சொல்கிற மாதிரி இல்லை. நானும் விடவில்லை.

மங்கலம்பேட்டை

அந்தச் சமயத்தில்தான் பேப்பர் கடை பாய் போன் செய்தார். ஒரு வீட்டில் பரணைக் காலி செய்கிறார்கள், மீன் போட்ட கவர் ஒரு கூடை இருக்கிறது, நேரே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். போனோம். கதவு திறந்தது. மிச்சம்தான் உங்களுக்குத் தெரியுமே.

அந்த அம்மாவின் பெயர் ஜமீலா. சபீனா அவர் மகள். முப்பதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், இரண்டு பிள்ளைகள். அவள் ஓடிவந்து என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். “யம்மா, ஆமாம்மா. புருவம்மா! முடிதான் போயிடிச்சி.”

“இன்னாம்மா சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியல” என்றேன்.

ஜமீலாம்மாதான் விளக்கினார். “எங்க வூட்டுக்காரரு குவைத்துல இருந்தாருங்க. புள்ளைங்க சின்னது. பொழுது போவணும்னு எந்தம்பி சந்தையில ஒரு கூடை சிடி வாங்கியாந்து போட்டான். அதுல ஒரு படம். பஸ்ட் பார்ட்டு முடியறப்ப அந்தப் பொண்ணு பெட்டியோட ரயில்வே ஸ்டேஷன்ல நிக்கும், அந்தத் தம்பி வருவானான்னு. செகண்ட் பார்ட்டு போட்டா மோளம் கொட்டிக் கல்யாணம் நடக்குது. சரியாத்தான இருக்குது?”

“ஆளு வேற ஆச்சேம்மா?”

சபீனா சிரித்தாள். “கல்யாணம் ஆனா மொகம் மாறிடும்னு நெனச்சேங்க. அஞ்சாவது வரைக்கும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

“அவங்க அத்தா குவைத்துலேந்து லீவுல வந்து பாத்துட்டுத்தான், ‘இது யாரு வூட்டுக் கல்யாணமோடி’ன்னாரு” என்றார் ஜமீலாம்மா. “அதுக்குள்ள எங்களுக்கு எல்லாரும் பழகிப் போயிட்டாங்க. பேரு தெரியாதில்ல, அதனால உங்களுக்கு செகண்ட் பார்ட்டு மாப்ளன்னு பேரு வெச்சிட்டோம்.”

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். “அந்த சிடி இருக்குதாம்மா?”

சபீனா கூடையிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்தாள். உள்ளே இரண்டு டிஸ்க்கு. வெளி வெயிலில் சாய்த்தேன். ஒன்று வெள்ளை. இன்னொன்று பச்சை.

வீடுகளில் இப்போது பிளேயர் இருப்பதில்லை என்று என்னுடையதை எப்போதும் பையில் கொண்டுபோவேன். அவர்கள் டிவியின் பின்னால் ஒயர் செருக இடம் இருந்தது நல்ல காலம். போட்டேன். நாதஸ்வரம். ஒல்லியாக நான், தாலி கட்டத் தெரியாமல் மூன்றாவது முடிச்சில் தடுமாறுகிறேன். “இந்த எடத்துல நாங்க எப்பவும் கை தட்டுவோம்” என்றாள் சபீனா. மல்லிகா தலை குனிந்திருக்கிறாள். ரம்யா டிவிக்கு ஒரு முழ தூரத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டு ஓடியது. பந்தி வந்தது. இலை போட்டார்கள். பாட்டு முடிந்தது. மல்லிகா என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். படம் கட்டம் கட்டமாகச் சிதறி அப்படியே நின்றுவிட்டது.

வெளியே எடுத்துத் துடைத்துப் போட்டேன். அதே இடம். மறுபடி போட்டேன். அதற்கு முன்னாலேயே நின்றது. நாலாவது தடவை ‘நோ டிஸ்க்’ என்று காட்டியது. கையில் எடுத்தால் ஓரத்தில் வெள்ளி செதில் செதிலாக உதிர்கிறது. ரம்யா என் பக்கம் திரும்பவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில், சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

“அந்தப் பொண்ணு எங்க தம்பி?” என்று ஜமீலாம்மா மெல்லக் கேட்டார்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரம்யா அம்மாவின் குரலைக் கேட்டதில்லை என்பதையும், அந்தப் பந்தியில் என்ன பேசினாள் என்பது எனக்கு மறந்துவிட்டது என்பதையும் சொன்னேன்.

ஜமீலாம்மா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் புள்ள என்னா சொல்லும்னு இந்த வூட்ல எல்லாருக்கும் தெரியும் தம்பி. தெனம் சொல்றதுதான்.” என்னைப் பார்த்துத் தலையை லேசாகச் சாய்த்தார். “‘மொதல்ல போயி கைய கழுவிக்கிட்டு வாங்க. நகத்துல மாவு இருக்குது பாருங்க.’ சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிக்கும்.”

“கழுவிக்கிட்டு இல்லம்மா, கழுவிக்கினு” என்று சபீனா திருத்தினாள். “அப்பறம், பாருங்க இல்ல. பாருங்கோன்னு இழுப்பாங்க. புள்ளைங்க கை கழுவாம சோத்துல கை வெச்சா நாங்க அதத்தாங்க சொல்லுவோம். எங்க அத்தா போன்ல கேப்பாரு, ‘நகத்துல மாவு இருக்குதா’ன்னு.”

“நீங்க புரோட்டா மாஸ்டருன்னு நெனச்சோம்” என்றார் ஜமீலாம்மா.

நான் அழுகையோடு சிரித்துவிட்டேன். பீங்கான் கம்பெனியில் வெள்ளைக் களிமண் தூளை நாங்கள் மாவு என்றுதான் சொல்வோம். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம்வரை வேலை இருந்தது. எத்தனை தேய்த்தும் நகத்தில் நின்றுவிட்டிருக்கிறது. அத்தனை கூட்டத்தில் அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

அப்புறம் அவர்கள் முறை. ரயில்வே ஸ்டேஷனில் நின்ற பெண் என்ன ஆனாள் என்று இத்தனை வருஷமாக அவர்களுக்குத் தெரியாதாம். நான்தான் சொன்னேன். “வந்துட்டாம்மா அவன். ரைஸ் மில்லுல பத்து பேர அடிச்சிப் போட்டுட்டு, டிரெயினு கெளம்பறப்ப ஓடியாந்து ஏறிட்டான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் ஜமீலாம்மா, நிஜமாகவே நிம்மதியாக.

சாப்பிடாமல் போகக் கூடாது என்று பாய் விரித்துவிட்டார்கள். தட்டில் சூடாகச் சோறு, மேலே கறிக்குழம்பு. ரம்யா டிவியை விட்டு எழுந்து வந்தாள். எனக்குப் பசி. அப்போதுதான் தெரிந்தது, காலையில் ஒரு டீயோடு வந்தது. உட்கார்ந்து சோற்றில் கையை வைக்கப் போனேன்.

“மொதல்ல போயி கைய கழுவிக்கினு வாங்க. நகத்துல மாவு இருக்குது பாருங்கோ.”

சொன்னது ரம்யாதான். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

சபீனாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஜமீலாம்மா தாயையும் மகளையும் ஒன்றாகப் பார்த்தது போல வாயில் கை வைத்துக்கொண்டார். “அதேதாண்டி. அதே கொரலு” என்றார்.

நானும் கேட்டேன். மகளுடைய குரலுக்கு அடியில் எங்கோ தொலைந்துபோனது என்று நான் நினைத்திருந்தது தொலையவே இல்லை. தினமும் காலையில் என்னை எழுப்பிக்கொண்டும், டீ ஆறுகிறது என்று கத்திக்கொண்டும் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

நகத்தைப் பார்த்தேன். மாவு இருந்தது. எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன்.